மாமனாருக்கு வசனம் கிடையாது

ஆறு வருடமாக வசனக்காரி எழுதியதெல்லாம் ஒரே சீரியல், ஒரே வீட்டுச் சண்டை. மாமியார் முறைப்பாள், மருமகள் அழுவாள், நாத்தனார் கதவுக்குப் பின்னால் ஒட்டுக்கேட்பாள். வசனக்காரியின் சொந்த நாத்தனாரோ தையல் மிஷினை மிதித்தபடி, "அண்ணி, நான் எதுக்கு ஒட்டுக்கேக்கணும்? நீங்க போன்ல கத்துறது தெருவுக்கே கேக்குதே!" என்று சிரிப்பாள்.

மாமனாராக நடித்த பெரியவருக்கு ஆயிரத்தைந்நூறு எபிசோடாகச் சோபாவில் உட்கார்ந்து தலையாட்டுவதுதான் வேலை. ஒருநாள் மேக்கப் அறையில், "நாலு வார்த்தை பேச விடும்மா. வாய் துருப்பிடிச்சுப் போச்சு" என்றார். வசனக்காரிக்குச் சுருக்கென்றது. அன்றே ஒரு காட்சி எழுதினாள். மாமனாருக்குக் கண் ஆபரேஷன் என்றால் பயம், சொல்ல வெட்கம். மருமகளிடம் மட்டும் மெல்லச் சொல்கிறார். பெரியவர் அதை ஒரே டேக்கில் முடித்தார். லைட்மேன்கூட மூக்கை உறிஞ்சினார்.

சேனல் அதிகாரிக்கு மட்டும் பிடிக்கவில்லை. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கணினியில் ஏறி இறங்கும் ரேட்டிங் கோடுகளைக் காட்டினார்.

"மேடம், நம்ம ஆடியன்ஸ் வீட்ல இருக்கற லேடீஸ். முப்பத்தஞ்சுலேர்ந்து அம்பது வயசு. கிழவர் அழுதா சேனலை மாத்திடுவாங்க."

"எனக்கு நாப்பத்திநாலு சார். நான் மாத்த மாட்டேனே."

"நீங்க வேலைக்குப் போறவங்க. உங்களைச் சேர்த்துக்க முடியாது."

"வீட்ல இருக்கறவங்களுக்கு மாமனாரே கிடையாதா? அவங்க வீட்ல யாருக்கும் கண்ணு மங்காதா?"

அவர் அடுத்த கோட்டைப் பெரிதாக்கினார். அவளுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை ஏழரைக்கு நாத்தனார் மிஷினை நிறுத்திவிட்டு டிவி முன் உட்கார்ந்தாள். பெரியவர், "அம்மா, எனக்கு..." என்று வாயைத் திறந்தார். உடனே திரையில் இடி முழங்கியது; மாமியார் முகம் மூன்று தடவை வந்தது; யாரோ பாலில் மாத்திரை கலந்தார்கள்.

"அந்த மனுஷன் என்னமோ சொல்ல வந்தாரே, அண்ணி! ஏன் வெட்டிட்டாங்க?"

நாத்தனாருக்கு வயது நாற்பது. இருப்பதும் வீட்டோடுதான். வசனக்காரி சேனல் எண்ணை அடித்துப் போனை அவள் கையில் திணித்தாள். "இதையே அவங்ககிட்டக் கேளு."

கேட்டாள். மறுமுனையில் ஒரு பெண், "மேடம், உங்க வீட்டு டிவியில கணக்கெடுக்கற ரேட்டிங் பொட்டி வெச்சிருக்காங்களா?" என்றாள்.

"அதெல்லாம் இல்லையே."

"அப்ப நீங்க பாக்கறது பதிவாகாது மேடம்."

நாத்தனார் போனை வெறித்துப் பார்த்தாள். "இத்தனை வருஷம் நான் பார்த்ததெல்லாம் அப்ப யாருக்கு?"

அதற்குள் போன் அடித்தது; வசனக்காரி வாங்கிப் பார்த்தாள். பெரியவர்.

"எடுத்தப்ப நல்லாத்தானேம்மா இருந்துச்சு?"

"ரொம்ப நல்லா இருந்துச்சுங்க ஐயா" என்றாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். அந்தப் பாலை யார் குடிப்பது என்று காலைக்குள் எழுதியாக வேண்டும்.