சத்தமில்லாத அறை

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் மறுத்துவிடுவார் என்று தெரிந்தே கச்சேரி டிக்கெட்டை வாங்கி அவர் கையில் திணித்தாள் மகள். "வருஷா வருஷம் அம்மாவோட போனதுதானேப்பா. இந்த வருஷம் விட்டுட்டா இனிமே எங்கயும் கிளம்ப மாட்டீங்க" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. மனைவி கண்ணை மூடி மூன்று மாதம் ஆகிறது. மனிதர் கடைக்கும் வீட்டுக்கும் நடப்பதோடு சரி.

ஆனால் கச்சேரி நடக்கிற வெளியூரில் எங்கே தங்குவது? இருபத்திரண்டு வருஷமாக அது மனைவியின் இலாகா. அவள் அறை பிடிக்கிற அழகே தனி. லாட்ஜுக்குப் போன் போட்டு, "தம்பி, அந்த ரூமுக்குப் போய் போனை ஒரு நிமிஷம் கட்டில்மேல வைங்க" என்பாள். அந்த ஒரு நிமிஷமும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். மின்விசிறி கடகடத்தால் வேண்டாம், தண்ணீர் மோட்டார் இரைந்தால் வேண்டாம். கச்சேரியின் கடைசிப் பாட்டு தூங்கும்வரை காதிலேயே இருக்க வேண்டுமாம். அவரைக்கூடப் பேச விடமாட்டாள். நல்ல கூத்து என்று அவர் தலையில் அடித்துக்கொள்வார்.

இப்போது வீட்டில் அந்த அமைதி வேண்டுமட்டும் கிடக்கிறது. சாயங்காலம் பூட்டைத் திறந்து உள்ளே போனதும், குளியலறை வாசலிலிருந்து சமையலறைவரை அவள் செருப்பு நடந்து போகும். எட்டு அடி. பிறகு நின்றுவிடும். எட்டிப் பார்த்தால் யாரும் இல்லை. மகளிடம் சொன்னால் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவாள் என்று அவர் வாயே திறக்கவில்லை. கடையில் வேலை இல்லாதபோதும் லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தை ஓடவிட்டிருப்பார். அது நின்றால் செருப்பு கடைக்கும் வந்துவிடும்.

அவள் லாட்ஜ்களைக் குறித்துவைத்த நோட்டைக் கடைக்கு எடுத்து வந்து பார்த்தார். ஒவ்வொரு லாட்ஜ் பெயருக்கும் எதிரே அவள் தீர்ப்பு: 'லிஃப்ட் கத்துகிறது', 'பக்கத்தில் பட்டறை', 'கதவு முனகுகிறது'. கடைசிப் பெயருக்குக் கீழே இரண்டு கோடு, தீர்ப்பு ஒன்றும் இல்லை. குறையே இல்லாத அறை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டார். அவளுக்குப் பிடித்த அறையில்தான் தங்க வேண்டும். இல்லையென்றால் அவளைக் கழற்றிவிட்டுப் போனதாக ஆகிவிடும். இயந்திரத்தை நிறுத்தினார். முதுகுக்குப் பின்னால் நடை தொடங்கியது. திரும்பிப் பார்க்காமல் போன் போட்டார்.

"தம்பி, ஒரு ரூம் வேணும். அங்க போய் போனை ஒரு நிமிஷம் கட்டில்மேல..."

மறுமுனையில் லாட்ஜுக்காரன் சிரித்துவிட்டான். "கண்ணாடிக் கடை சாரா? கச்சேரி தேதிக்கு அம்மா அஞ்சு மாசத்துக்கு முன்னாடியே உங்க பேர்ல ரூம் போட்டுட்டாங்களே!"

ஐந்து மாதம். வெறும் வாயுத் தொல்லைதானாம் என்று டாக்டரிடமிருந்து வந்து அவள் சிரித்துச் சொன்ன சமயம். இவரும் அதை நம்பித் தொலைத்தார்.

"ரெண்டு பேருக்குத்தானே?"

"இல்ல சார், ஒருத்தருக்குத்தான். ஒவ்வொரு ரூமா என்னை அலையவிட்டாங்க. கடைசில லிஃப்டை ஒட்டின ரூம்தான் வேணும்னு ஒரே பிடிவாதம். கீழயே பஸ் ஸ்டாண்ட். 'சத்தம் தாங்காதும்மா'ன்னு நானே சொன்னேன். 'அவர் தனியா வருவாரு தம்பி, ஏதாவது சத்தம் இருக்கட்டும்'னாங்க. அம்மா நல்லா இருக்காங்களா சார்?"

"போனை அந்தக் கட்டில்மேல வைங்க தம்பி" என்றார் அவர்.

வைத்தான். லிஃப்ட் கத்திக்கொண்டே இறங்கியது. பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. யாரோ யாரையோ பெட்டியைத் தூக்கச் சொல்லித் திட்டினார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

அந்த ஒரு நிமிஷமும் பின்னால் செருப்பு நடக்கவில்லை. மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவர் அழுதது அப்போதுதான்.