காராம்பசு நேர்ந்த நடராசாவும் சிவலைக் கன்றும்

ரஜிதாவின் மோட்டார் சைக்கிள் ஒரு வீட்டு வாசற் படலையில் வந்து நின்றால், அவ்வீட்டு ஆண்மக்களுக்கு உடனே வேறு அலுவல் வந்துவிடும். ஒருவர் வாய்க்காலில் தண்ணீர் மாற வேண்டும் என்பார். ஒருவர் உழவு இயந்திரத்தின் சக்கரத்துக்குக் காற்றுப் போதாது என்பார். அலுவல் ஒன்றும் அகப்படாதவர் வைக்கோற்போரின் பின்னால் நின்று வானத்தில் மழைக்குறி பார்ப்பார். பசுக்களுக்குச் செயற்கை முறையிற் சினையூட்டுவது அவள் தொழில். நெடுங்கேணியைச் சூழ்ந்த குடியேற்றத் திட்டங்களில் அத்தொழிலுக்கு வந்த முதற்பெண் அவளே. தோள்மூட்டு வரை ஏறும் பொலித்தீன் கையுறையை அவள் ஊதி விரித்து மாட்டும்போது, மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொள்ள எப்போதும் வீட்டுப் பெண்கள்தாம் வருவார்கள்.

தேயிலை மலையிலிருந்து கலவரத்துக்கு அஞ்சி இறங்கி வந்து, வன்னிக் காட்டை வெட்டிக் குடியமர்ந்த குடும்பத்தில் அவள் பிறந்தாள். உயர்தரத்தில் உயிரியல் படித்தாள். வைத்தியராவதற்குரிய புள்ளி கிட்டவில்லை. பயிற்சி பெற்று இவ்வேலைக்கு வந்தாள். உறைகுளிரில் காளைவித்து அடைத்த குழல்களைக் காக்கும் நைதரசன் தாங்கியைப் பின்னிருக்கையில் வரிந்து கட்டிக்கொண்டு பதினோராண்டு அலைந்ததில், அந்தச் சுற்றாடலில் துள்ளித் திரியும் கன்றுகளிற் பாதி அவள் கைராசியில் வந்தவை என்று பெயரெடுத்திருந்தாள். அந்தப் பெயரைத்தான் ஒரு சிவலைக் கன்று, பிறந்த அன்றே, கொம்பு முளைக்குமுன் முட்டித் தள்ளியது.

கதை முந்திய பங்குனியில் தொடங்கிற்று. யாழ்ப்பாணத்திலிருந்து பெற்றோரோடு வந்து குளத்து நீரில் நெல் விளைவித்து நிமிர்ந்தவர் நடராசா. அம்பாள் கோயில் திருவிழாவில், உள்ளமுருகி நின்ற ஒரு கணத்தில், அம்பாளின் பாலாபிடேகத்துக்கு ஒரு காராம்பசுவை நேர்ந்துவிட்டார். உடலெங்கும் ஒரு வெள்ளை மயிருமின்றிக் கருமை பூண்ட பசுவே காராம்பசு. அதன் பாலுக்குத் தனிச் சிறப்பு. அவரிடம் கறுப்பி என்றொரு கரிய பசு நின்றது. ஆனால் அதன் நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருந்தது. ஆகவே அது ஈனப்போகும் நாகை, அதாவது பெண்கன்றை, அடுத்த தையில் மாடுகளுக்குரிய பட்டிப்பொங்கலன்று தருவதாக வாக்குக் கொடுத்தார். கறுப்பி அப்போது சினைப்படவேயில்லை. தர்மகர்த்தா அப்புத்துரை அதைப் பொருட்படுத்தாமல், ஒலிபெருக்கியில் மூன்று தரம் அறிவித்தார்.

மறுவாரம் ரஜிதாவுக்கு அழைப்பு வந்தது. அவள் போய்ச் சேர்ந்தபோது இராகுகாலம். நடராசா பஞ்சாங்கத்தோடு வாசலை மறித்து நின்றார். ஒன்றரை மணிநேரம் கறுப்பியும் அவளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றனர். நல்லநேரம் பிறந்து வேலை முடிந்ததும் நடராசா கேட்டார்:

"கண்டு கறுப்பாய்த்தானே பிள்ளை வரும்?"

அவளுக்கு இன்னும் நான்கு மாடு பார்க்க வேண்டியிருந்தது.

"தாயும் கறுப்பு, நான் போட்டதும் கறுப்புக் காளையின்ர. வேற என்ன நிறம் வரப்போகுது ஐயா?"

படித்த பாடம் வேறாக இருந்தும், அவசரத்தில் அவள் நா இப்படித்தான் புரண்டது.

அன்றுமுதல் நடராசா கறுப்பிக்கு நோன்பு வகுத்தார். எள்ளுப் பிண்ணாக்கும் உளுந்துக் கோதுமே தீனி. தொழுவத்தைச் சுற்றிக் கரிய சீலை. செந்நிறப் பொருள் எதுவும் அதன் கண்ணிற் படலாகாது. பார்த்த நிறம் கருவிற் பதியும் என்பது அவர் துணிபு. செங்கல் அடுப்புக்குச் சுண்ணாம்பு பூசப்பட்டது. சிவப்பு வாளி அயல்வீட்டுக்குப் போயிற்று. அவர் மனைவி பத்மாசனி குங்குமப்பொட்டை அழித்துவிட்டுத்தான் பால் கறக்கப் போக வேண்டியிருந்தது.

"என்ர வயித்திலை பிள்ளை இருக்கேக்கை இந்த மனுசன் ஒரு தோடம்பழம் வாங்கித் தரேல்லை," என்று அவர் கறுப்பியின் காதில் முறையிட்டார்.

மார்கழிக் கடைசியில், திருவெம்பாவை ஓதும் விடியலில், கறுப்பி கன்று ஈன்றது. நாகுதான். அந்த மட்டில் அம்பாள் கைவிடவில்லை. ஆனால் அதன் நிறமோ காவிக்கல்லைக் குழைத்துப் பூசியதுபோன்ற செக்கச் சிவப்பு.

ரஜிதா வந்திறங்கியபோது நடராசா கதிரையிற் சாய்ந்து இழவு வீட்டார்போல இருந்தார்.

"எந்த மாட்டின்ர ஊசியைப் பிள்ளை போட்டனீ?"

"கறுப்புக் காளையின்ரதான் ஐயா. இலக்கம் உங்கட அட்டையிலையும் எழுதித் தந்தனான்."

"இலக்கம் கறுப்பு, கண்டு சிவப்பு! நான் இலக்கத்தையே கோயிலிலை கட்டுறது?"

அந்நேரம் பார்த்துப் படலையைத் திறந்துகொண்டு அயலவன் விஜிதரன் வந்தான். அவனிடம் வேலி மதியாத செங்காளை ஒன்று உண்டு. கன்றைச் சுற்றிவந்து பார்த்தவன் முகத்தில், பேரப்பிள்ளை கண்ட பூரிப்புத் தெரிந்தது.

"அண்ணை, ஏன் இந்தப் பிள்ளையைப் பேசுறியள்? இது என்ர காளையின்ர வேலை. நடையைப் பாருங்கோ, அச்சு அசல்!"

நடராசா துள்ளி எழுந்தார்.

"வாயை மூடடா! ஊசி போட்ட நாளிலையிருந்து மூண்டு கிழமையாக் கட்டைவிட்டு அவிழ்க்கேல்லை. என்ர மாடு அப்பிடிப்பட்ட மாடில்லை!"

கறுப்பியின் கற்பு இவ்வாறு நிலைநாட்டப்படவே, பழி முழுவதும் ரஜிதாவின் தலையில் இறங்கிற்று. அவள் குழலை மாற்றிப் போட்டுவிட்டாளாம். பால் சேகரிக்கும் நிலையத்தில் காலை ஏழு மணிக்குப் புறப்பட்ட இச்செய்தி, பத்து மணிக்குள் கடைசி வாய்க்கால்வரை பாய்ந்தது. அன்று வரச் சொல்லியிருந்த இரண்டு வீட்டார், மாடு மனம் மாறிவிட்டது என்றனர். மறுநாளும் அதன் மறுநாளும் தொலைபேசி ஒலிக்கவில்லை. நான்காம் நாள் அப்புத்துரை சொல்லியனுப்பினார்: பட்டிப்பொங்கலன்று சபைமுன் அவள் விளக்கம் சொல்ல வேண்டும், இல்லையேல் மாங்குளத்திலிருந்து வேறொருவரை அழைப்பதாகத் திட்டத்தார் முடிவு செய்திருக்கிறார்கள்.

அப்போதுதான் ரஜிதா, தான் மறந்த பாடத்தின் வழியே புறப்பட்டாள். அதே இலக்கக் குழல் போட்ட வீடுகளைக் குறிப்பேட்டில் தேடினாள். ஓமந்தைப் பக்கம் மூன்று வீடுகள்; மூன்றிலும் தாய்ப்பசு சிவலை. முதல் வீட்டில் கன்று கறுப்பு. இரண்டாம் வீட்டில் சிவப்பு. அவள் கைபேசியிற் படமெடுக்கக் கண்ட வீட்டுக்காரி, நிவாரணம் பதிகிறார்கள் என்றெண்ணி, அயலார் மாடுகள் இரண்டையும் தன் தொழுவத்துக்கு ஓட்டி வந்து நிறுத்தினாள். மூன்றாம் வீட்டில், கன்றுக்கு மாப்பிள்ளை பார்க்கிறீர்களா என்று கேட்டார்கள். அங்கும் சிவப்பு.

பின்பு நெடுங்கேணிச் சந்தைக்குப் பின்னால், கறுப்பியை நடராசாவுக்கு விற்ற அமராவதியின் வளவுக்குப் போனாள். கறுப்பியைப் பெற்ற பசு அங்கே வேப்பமரத்தின் கீழ் அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதுவும் செக்கச் சிவப்பு. ரஜிதா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அமராவதி மிரண்டு, "வித்த மாட்டைத் திருப்பி எடுக்கச் சொல்லுறதெண்டால் ஏலாது, இப்பவே சொல்லிப்போட்டன்," என்றார்.

பட்டிப்பொங்கல் நாள். கோயில் முன்றிலில் மாடுகள் மாலையும் சந்தனமுமாக நின்றன. சிவலைக் கன்று கறுப்பியின் மடியில் முட்டிக்கொண்டிருந்தது. ரஜிதா படங்களைக் காட்டிப் பேசத் தொடங்கினாள்.

"ஒரு மாட்டுக்கு நிறத்தைப் பற்றி இரண்டு கட்டளை இருக்கு. ஒண்டு தாய் தந்தது, மற்றது தேப்பன் தந்தது. கறுப்புக் கட்டளை சத்தம் போடும். சிவப்பு பேசாமல் இருக்கும். இரண்டும் இருந்தால் மாடு கறுப்பு. ஆனால் சிவப்பு செத்துப்போகாது. உள்ளுக்கை இருக்கும்."

"கறுப்பிக்கு ஆர் தந்தது சிவப்பை?" என்றார் அப்புத்துரை.

"அதின்ர தாய். இஞ்சை பாருங்கோ படம். சிவலை மாட்டிட்டைக் குடுக்கிறதுக்குச் சிவப்பைத் தவிர வேற என்ன இருக்கு? காளையும் அப்பிடித்தான். கறுப்புக் காளை, ஆனால் ஓமந்தையிலை இரண்டு சிவலைக் கண்டு பிறந்திருக்கு. அதுக்குள்ளையும் சிவப்பு ஒளிச்சிருக்கு."

சபையார் முகங்களில் தெளிவு தோன்றவில்லை. அவள் ஒரு கையில் ஒரு கறுப்பு உளுந்தையும் ஒரு சிவப்புக் கௌபிப் பயற்றையும் வைத்து மூடினாள். மறு கையிலும் அவ்வாறே.

"ஒரு கை தாய், மற்றது தேப்பன். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு கையிலையும் ஒண்டு எடுங்கோ ஐயா. ஒரு உளுந்து வந்தாலும் கண்டு கறுப்பு. இரண்டும் கௌபியெண்டால் சிவப்பு."

நடராசா கண்ணை மூடி எடுத்தார். உளுந்தும் கௌபியும். கறுப்பு. மீண்டும் எடுத்தார். இரண்டும் உளுந்து. மூன்றாம் தரமும் நான்காம் தரமும் கறுப்பு. ஆறாவது கறுப்புக்குக் கூட்டம் கைதட்டிற்று.

"பாத்தியளே!" என்று நடராசா வெற்றியோடு திரும்பினார். "பருப்புக்கே தெரியுது!"

பதற்றத்தில் ரஜிதாவுக்கு அம்மாவின் மலைநாட்டுப் பேச்சு வாய்க்கு வந்துவிட்டது.

"இருங்கய்யா, இன்னொருக்கா எடுங்க! நாலுல ஒன்னுதான் வரும், அது எப்ப வரும்னு சொல்லவா முடியும்? நான் அன்னைக்குக் கறுப்புத்தான்னு சொன்னது என் தப்பு. ஒத்துக்கிறேன். ஆனா குழலை நான் மாத்தல!"

அப்போது பொங்கற் பானையருகே நின்ற பத்மாசனி அகப்பையை வைத்துவிட்டு முன்னே வந்தார்.

"பிள்ளை, ரத்தத்துக்கும் உந்தக் கணக்குத்தானோ?"

"ஓம் அம்மா, கிட்டத்தட்ட உப்பிடித்தான். ஏன்?"

"இவருக்கு ஏ. எனக்கு பி. எங்கட மகள் யதுர்ஷிகா ஆவணியிலை பல்கலைக்கழக வளாகத்திலை ரத்தம் குடுத்தவள். அவளுக்கு ஓ எண்டு அட்டை குடுத்திருக்கினம். அது எங்கையிருந்து வந்தது? ஆசுப்பத்திரியிலை பிள்ளை மாறிப்போச்சோ எண்டு நாலஞ்சு மாதமா எனக்கு நித்திரையில்லை. காது இவற்ற காதுதான். எண்டாலும் மனம் கேக்குதில்லை."

சபை முழுவதும் ஒருசேர நடராசாவின் காதுகளைப் பார்த்தது. அவை பார்க்கத்தக்க காதுகள்தாம்.

"ஐயோ அம்மா, பிள்ளை மாறேல்லை," என்றாள் ரஜிதா. "ஏ-யும் சத்தம் போடும், பி-யும் சத்தம் போடும். ஓ தான் பேசாமல் இருக்கிறது. ஐயாவிட்டை ஏ-யோட ஒரு ஓ இருக்கு. உங்களிட்டை பி-யோட ஒரு ஓ இருக்கு. பிள்ளைக்கு ரெண்டு பேரும் ஓ-வைக் குடுத்திருக்கிறியள். சிவலைக் கண்டு மாதிரித்தான்."

பத்மாசனி இரு கைகளையும் தலைமேற் குவித்து மூலஸ்தானத்தை நோக்கி நின்றார். கண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொண்டு கணவர்பக்கம் திரும்பியபோது அம்முகத்திற் கண்ணீர் இல்லை.

"இப்ப சொல்லுங்கோ. கறுப்பியின்ர கண்டு எங்கட இல்லையெண்டால், யதுர்ஷிகா ஆற்ற பிள்ளை? கண்டுக்கு ஒரு ஞாயம், மகளுக்கு ஒரு ஞாயமோ?"

நடராசா கன்றைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், கையிலிருந்த உளுந்தைப் பார்த்தார்.

"யதுர்ஷிகா என்ர பிள்ளை," என்றார்.

"அப்ப கண்டு?"

"கண்டும் எங்கட கண்டுதான்," என்றார். "ஆனால் அம்பாளுக்கு நான் கறுப்பெல்லே நேர்ந்தனான்?"

அப்புத்துரை சிரித்துவிட்டார்.

"நடராசா, அம்பாளின்ர திருமேனி என்ன நிறம்? உதிக்கிற சூரியன்ர நிறம். உன்னட்டை அவ கறுப்பே கேட்டவ? நீதான் கேளாமல் சொன்னனீ. தன்ர நிறத்திலை ஒண்டை அவவே தெரிஞ்செடுத்திருக்கிறா. மாலையைப் போடு."

மாலை விழுந்தது. ரஜிதா அங்கிருந்து நகரவில்லை. ஒலிபெருக்கியை நோக்கிக் கண்ணைக் காட்டினாள். அவப்பெயர் பரவிய அளவுக்கு உண்மையும் பரவ வேண்டாமோ? நடராசா வேண்டாவெறுப்பாக அதைக் கையில் வாங்கினார்.

"எல்லாருக்கும் அறியத் தாறன். ஊசி போட்டதிலை ரஜிதா பிள்ளையிலை ஒரு பிழையும் இல்லை. பிழை கறுப்பியின்ர தாயிலைதான்."

"என்ர மாட்டிலை என்ன பிழை கண்டனீர்?" என்று கூட்டத்தின் கடைசியிலிருந்து அமராவதியின் குரல் எழுந்தது. அந்த வழக்கு, பொங்கல் ஆறும்வரை தனியே நடந்தது.

அன்று மாலையே இரண்டு வீட்டு மாடுகள் மறுபடியும் மனம் மாறின. மாசி பிறந்து, கறுப்பி பருவங்கண்டு கட்டில் நின்று கத்தத் தொடங்கியபோது நடராசாவே அழைத்தார்.

"பிள்ளை, உடன வா. இராகுகாலம் பாக்கேல்லை. ஒண்டும் நேரவுமில்லை, ஒருத்தருக்கும் சொல்லவுமில்லை. சும்மா கேக்கிறன், உந்தக் காளையின்ரதைத் திரும்பப் போட்டால் இந்தமுறை எப்பிடி?"

"மூண்டு பங்கு கறுப்பு, ஒரு பங்கு சிவப்பு ஐயா. சொல்லேலாது."

"முந்தி ஒருக்காச் சிவப்பு வந்திட்டுதெல்லே. அந்த ஒரு பங்கு முடிஞ்சுது. இனி வரப்போற மூண்டும் கறுப்புத்தானே?"

"இல்லை ஐயா. ஒவ்வொருமுறையும் முதலிலையிருந்துதான். போனமுறை என்ன ஈண்டதெண்டு கறுப்பி கணக்கு வைச்சிருக்கிறதில்லை."

மறுமுனையில் நடராசா உளுந்தையும் கௌபியையும் மனத்துள் உருட்டிக்கொண்டிருந்தார் போலும்.

"சரி, வா," என்றார். "தேத்தண்ணி வைக்கச் சொல்லுறன்."

படலைக்கு வந்தவள் வியந்தாள். பத்மாசனி வாசலில் நிற்க, கறுப்பியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடராசாவே நின்றார். முகம் மட்டும் வானத்தை நோக்கியிருந்தது.