கோர்ட்டு கொடுத்த புளியோதரை

எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் தேர் வடம் பிடிக்குமுன் ஒருவர் தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். பரம்பரையாக அது எங்கள் அப்பாவின் தலை. ஜெர்மன் சண்டைக்கு முந்தின ஒரு வருஷம் தர்மகர்த்தா அதை அப்பாவின் பங்காளிக்குக் கட்டிவிட்டார். அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. இனி எந்த முகத்தோடு தெருவில் நடப்பது என்று நிஜமாகவே கலங்கிப் போனார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. ஒரு முழத் துணிக்கா இவ்வளவு!

வீட்டுக்கு வந்த திருநெல்வேலி வக்கீல் எல்லாம் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அண்ணாச்சி, வெறும் மரியாதைக்கு வழக்குப் போட்டா, விசாரிக்க அதிகாரம் இல்லைன்னு கோர்ட்டு தள்ளிரும். சொத்து கித்து ஏதாவது கூட இருக்கணும். அந்தத் துணியாவது உங்களுக்குத்தானா?"

"தேர் நிலைக்கு வந்ததும் அவுத்து வாங்கிருதாகளே!"

"வேற ஒண்ணுமே தரமாட்டாகளா?"

"ஒரு உருண்டை புளியோதரை தருவாக."

அப்போதுதான் வக்கீல் முகத்தில் களை வந்தது. "அது போதும் அண்ணாச்சி!"

ஆக, மானம் போச்சு என்று கிளம்பியவர் புளியோதரை போச்சு என்று வழக்காடினார். வீட்டுப் பத்தாயத்தில் நெல் வழிந்தது. கோர்ட்டுக்கு அதைப் பற்றி என்ன? எதிர்க்கட்சி வக்கீல் அவரைக் கூண்டில் நிறுத்தி, "அந்தச் சோறு கிடைக்காததில் உமக்கு நஷ்டமா?" என்று கேட்டாராம். இல்லை என்றால் வழக்கே நிற்காது. அப்பா தலையைக் குனிந்துகொண்டு "நஷ்டந்தான்" என்றாராம். வேடிக்கை பார்க்கப் போன ஊர்க்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, எங்கள் வாசலில் வந்தும் மிச்சத்தைச் சிரித்தார்கள். அவர்களுக்கு வேறென்ன வேலை!

தீர்ப்பு வந்தது. புளியோதரை அப்பாவுக்குப் பாத்தியம். பரிவட்டம் யாருக்கு என்று சொல்லக் கோர்ட்டுக்கு அதிகாரமில்லை.

"ஜெயிச்சுட்டோம்!" என்று குதித்தார் வக்கீல். "ஆனா வருஷா வருஷம் நீங்களே போய்க் கையால வாங்கணும். விட்டா உரிமை போயிரும்."

அடுத்த தேரன்று பங்காளி தலையில் பரிவட்டம் ஏறியது. பிறகு கோயில் மணியக்காரர் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார்: "கோர்ட்டுச் சோறு வாங்குதவுக வாங்க!"

அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போய் இரண்டு கையையும் நீட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பொருமினாள். "வேண்டாம்னு சொல்லிட்டு வந்திருக்கப்படாதா?"

"எப்படிட்டீ சொல்ல?" என்றார் அப்பா. "நான் ஜெயிச்சது இது ஒண்ணுதானே."