சிப்பிகளுக்குச் சிறுவாணித் தண்ணீர்

உக்கடம் மீன் மார்க்கெட்டை ஒட்டி பஸ் திரும்பும்போது ஜன்னலோரம் இருப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிடும். ஈரச் சாக்கும் உப்பும் கொஞ்சம் பாசியும் கலந்த அந்த வாடை எனக்கு மீனை நினைவூட்டுவதில்லை. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜைத்தான் நினைவூட்டுகிறது.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய புரட்டாசி. காலை ஒன்பது மணிக்கு ஆட்டோவிலிருந்து என் அண்ணன் மகள் இறங்கினாள். தூத்துக்குடிப் பக்கம் கடல் உயிர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். தோளில் பை, கையில் ஈரச் சாக்கு, பின்னால் ஆட்டோக்காரர் சுமந்து வந்த இரண்டு கேன் கடல் தண்ணீர். சாக்கைப் பிரித்தாள். உடைந்த ஓட்டுச்சில்லு மாதிரி முப்பது சிப்பிகள்.

என் மனைவி இரண்டடி பின்னால் போனாள். "கண்ணு, புரட்டாசி மாசம்டா."

"திங்கறதுக்கு இல்லீங்க சித்தி. படிக்கறதுக்கு."

அங்கே அவர்களுடைய மைக்ராஸ்கோப் ரிப்பேர். இங்கே ஒரு கல்லூரியில் சிநேகிதி இருக்கிறாள், மதியம் இரண்டு மணிக்கு ஆய்வகம் திறந்து தருவாள். மாதாமாதம் சிப்பிகளை எடுத்து, உள்ளே கருவணு, அதாவது விந்தோ முட்டையோ, எவ்வளவு விளைந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் அண்ணன் மகளின் ஆராய்ச்சி. பதினோரு மாதம் முடிந்துவிட்டது. இது பன்னிரண்டாவது, கடைசி. குறைந்தது இருபது சிப்பியாவது வயிறு நிறைந்தபடி ஆய்வகம் போய்ச் சேரவேண்டும். வழியிலேயே கருவணுவைக் கொட்டிவிட்டால் அந்த மாதம் ஓட்டை. அதே மாதத்துக்கு அடுத்த வருஷம் வரை காத்திருக்கவேண்டும்.

பிளாஸ்டிக் டப்பில் கடல் தண்ணீரை ஊற்றிச் சிப்பிகளை அடுக்கினாள். என் மனைவி மெல்லக் கிட்டே வந்து குனிந்தாள்.

"இதுல எது பையன், எது புள்ளை?"

"மேல பார்த்தா தெரியாதுங்க சித்தி. பெரும்பாலும் சின்னதுல ஆணா இருக்கும். வளந்ததும் நெறையப் பொண்ணா மாறிரும்."

"அப்ப, புத்தி வந்ததும் பொம்பளையாயிருதுன்னு சொல்லு." இதை என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

குளிர்நாட்டுக் கடலில் கோடையில் மட்டும்தான் இதெல்லாம் நடக்குமாம். நம் கடல் எப்போதும் வெதுவெதுப்பு. அதனால் கிட்டத்தட்ட வருஷம் பூராவும் இவை தயாராக இருக்கும். மழை வரவேண்டும், ஆற்றுத் தண்ணீர் வந்து உப்பைக் கொஞ்சம் கலைக்கவேண்டும். அதுதான் முகூர்த்தம். மேளக்காரர் யாரும் வேண்டாம். ஒன்று விந்தைத் தண்ணீரில் விட்டதும் அந்த வாசம் பட்டு அடுத்தது விடும், அடுத்தது முட்டையைக் கொட்டும். பந்தியில் ஒருவர் இலையை மூடினால் வரிசையே எழுந்திருக்கிற மாதிரி.

இவ்வளவையும் விளக்கமாகச் சொன்னாள். நானும் தலையாட்டிக் கேட்டேன். "தொடாதீங்க சித்தப்பா. ஃபேன் மட்டும் ஓடட்டும். லேப் பர்மிஷன் லெட்டர்ல கையெழுத்து வாங்கிட்டு ஒரு மணிக்குள்ள வந்துர்றேனுங்க" என்று போய்விட்டாள்.

நான் ஓரிடத்தில் உட்கார முடியாத ஆள். ஒரு வரி எழுதுவதற்குள் ஒன்பது தடவை எழுந்து நடப்பேன். அன்றைக்கு நடந்த நடையெல்லாம் அந்த டப்பைச் சுற்றியே. சிப்பிகள் மெல்லத் திறந்திருந்தன, நூலிழை அளவு. கடலையே நாக்கில் வைத்துப் பழகியவை, ராத்திரி பூராவும் பஸ்ஸில் வந்தவை, அந்நிய ஊர்ச் சமையலறையில் வாயைத் திறந்து காத்திருந்தன. எங்கள் ஊரில் வீட்டுக்கு வந்தவர்களுக்கு முதலில் ஒரு சொம்புத் தண்ணீர். அப்புறம்தான் யார், எவர், என்ன சேதி. அதுவும் மலையிலிருந்து எங்கள் குழாய்க்கு வரும் சிறுவாணித் தண்ணீர். மற்ற ஊர்க்காரர்கள் தங்கத்தைப் பற்றிப் பேசுகிற தொனியில் நாங்கள் அதைப் பற்றிப் பேசுவோம்.

ஒரு சொம்பு மொண்டு ஊற்றினேன்.

என் மனைவி பார்த்துவிட்டாள். "ஏனுங்க, பச்சத்தண்ணியவா ஊத்தறீங்க? பஸ்ல வந்த ஒடம்புங்க. வெதுவெதுன்னு ஊத்தோணும்."

வெந்நீர் விளாவினாள். இன்னொரு சொம்பு. அப்புறம் இன்னும் ரெண்டு. உபசாரத்தில் நாங்கள் யாருக்கும் குறை வைத்ததில்லை.

அரை மணி நேரம் கழித்து ஒரு சிப்பியின் விளிம்பிலிருந்து வெள்ளை நூல் ஒன்று கிளம்பியது. ஊதுபத்திப் புகை தண்ணீருக்குள் எழுந்தால் எப்படியோ அப்படி. எதிர் ஓரத்தில் ஒன்று 'டப்' என்று ஓட்டை மூடித் திறந்து ஒரு மேகத்தை உதறியது. மறுபடி 'டப்'.

"பாலுங்க!" என்றாள் மனைவி. அதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. பருவமழையைப் பித்தளைச் சொம்பில் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறேன்.

அண்ணன் மகளுக்குப் போன் போட்டு, சிப்பிகள் வெள்ளையாகக் கக்குகின்றன என்றேன்.

"சித்தப்பா, என்ன ஊத்துனீங்க?"

"சிறுவாணி."

அவள் அடுத்த கேள்வி கேட்கும்வரை நான் காத்திருக்கவில்லை.

"வெந்நீரா வெளாவி ஊத்திப்போட்டோம்" என்று முழுசாகவே ஒப்புக்கொண்டேன்.

"அய்யோ, எல்லாத்தையும் வெளிய எடுங்க! விட்டதைத் தனியா வைங்க. மிச்சத்தை ஈரச் சாக்குல சுத்தி ஃபிரிட்ஜுல!"

என் மனைவி ஃபிரிட்ஜின் முன்னால் கையை விரித்து நின்றாள். "புரட்டாசிங்க. ஒத்த முட்டை உள்ள போனதில்ல. இதுக்குள்ள எத்தனை முட்டை இருக்கும்?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. "ஒண்ணொண்ணுலயும் லட்சக்கணக்குல இருக்குங்க சித்தி" என்றது அழுகிற குரல்.

அந்தக் குரல்தான் கதவைத் திறந்தது. தயிர்ச் சட்டி வெளியே வந்தது, இட்லி மாவு வெளியே வந்தது, பெருமாளுக்கு வைத்திருந்த துளசியும் வெளியே வந்தது. சாக்கு உள்ளே போனது. விட்டுமுடித்த ஒன்பதும் ஒரு தாம்பாளத்தில். "பெத்த ஒடம்பு" என்று சொல்லி, அவற்றின்மேல் மட்டும் மிச்சமிருந்த நல்ல கடல்தண்ணீரில் நனைத்த துணியைப் போர்த்தினாள்.

அண்ணன் மகள் வந்து யாரையும் பார்க்காமல் சாக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். ஆய்வக வாசலில் எனக்கு ஸ்டூல் போட்டார்கள். நான் அதைச் சுற்றி நடந்தேன். உள்ளே ஒவ்வொரு ஓட்டையும் கத்தி நெம்புகிற சத்தம். சாயங்காலம் வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"பத்தொம்பது நெறைஞ்சிருக்குங்க."

இருபதுக்கு ஒன்று குறைவு. நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஒண்ணு பூராவும் விட்டிருச்சு. இன்னொண்ணு பாதி விட்டு, பாதி வெச்சிருக்கு. எங்க மேடத்துகிட்டப் போன்ல கேட்டேன். பாதியும் ஒரு நிலைதான், சேத்துக்கோன்னுட்டாங்க. ஆனா பாதி ஏன் போச்சுன்னு எழுதோணுமாம்."

வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்து எழுதினாள்: 'வெதுவெதுப்பான நன்னீர் தவறுதலாகச் சேர்க்கப்பட்டது.'

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "நன்னீராமா? சிறுவாணின்னே எழுது கண்ணு. எந்தத் தண்ணின்னு அவங்களுக்கும் தெரியட்டும்."

அவள் எழுதவில்லை. ஆனால் காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள்.

அன்றைக்கே சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் ஏற்றிவிட்டோம். தாம்பாளத்து ஒன்பதும் ஈரச் சாக்கில் அவள் காலடியில் இருந்தன, கடலுக்கே திரும்பிப் போகின்றன. பஸ் உறுமியது. என் மனைவி ஜன்னல் வழியாக ஒரு பெரிய தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"சிறுவாணிடா. வழியெல்லாம் உப்புத் தண்ணி. வெச்சுக்க."

அவள் பாட்டிலைப் பார்த்தாள், காலடிச் சாக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எனக்கு மட்டும்தானுங்களே, சித்தி?"