கழகத்து வீட்டு முன்வாசல்

சிவகாசிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் ஒரே ஒரு பெரிய வீடு இருந்தது. அதன் சொந்தக்காரருக்குப் பிள்ளை இல்லை. தம்பி மகனுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகவே, விருதுநகரில் இருந்த ஒரு வரலாற்றுக் கழகத்துக்கு அதை உயில் எழுதிவைத்துவிட்டுச் செத்துப்போனார். மற்றபடி வரலாற்றின்மேல் அவருக்குப் பிரியம் இருந்ததாக யாரும் சொல்லவில்லை.

கழகம் என்பது நாலைந்து வக்கீல்களும் ஓய்வுபெற்ற வாத்தியார்களும்தான். அவர்கள் வீட்டைக் கண்காட்சியாக்கினார்கள். அவருடைய ஊஞ்சல், வெற்றிலைச் செல்லம், ஓடாத கடிகாரம் எல்லாவற்றின் கீழும் ஒரு சீட்டு ஒட்டினார்கள். வாசலில் ‘அனைவரும் வரலாம்’ என்று பலகை மாட்டினார்கள். கூட்டிப் பெருக்க என் அம்மாவை வைத்தார்கள்.

அவர் இருந்தவரை எங்கள் தெரு ஆட்கள் பின்பக்கத்து மாட்டுத் தொழுவத்தோடு நின்றுகொள்ள வேண்டும். சிறுமியாக அம்மா அங்கேதான் மடியேந்திக் கூலியாகக் கம்பந்தானியம் வாங்கினாளாம். இப்போது கூடத்தின் நடுவில் நின்று பெருக்கினாள். ஆனாலும் போக்குவரத்து தொழுவத்து வழியாகத்தான். எங்கள் வீட்டில் முதன்முதலில் எழுத்துக் கூட்டியவள் நான். அப்போது ஐந்தாம் வகுப்பு. பலகையை அவளுக்கு ஓயாமல் படித்துக் காட்டுவேன்.

“அனைவரும்னா நீயுந்தாம்மா.”

“பலகை சொல்லுது, சரி. தெரு சொல்லணும்ல? சும்மா கெட புள்ள.”

முதல் வருஷம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள். அப்புறம் ஓடு ஒழுகியது. ஆள் வருவது நின்றது. கழகத்துச் செயலாளர் மட்டும் பஸ் ஏறி வந்து, ‘தொடாதீர்கள்’ என்று அவரே எழுதி ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொள்வார். ஒருநாள் அப்படி உட்கார்ந்தபடியே சொன்னார்:

“எங்களால முடியலம்மா. இருக்கிறதே நாலு பேரு. அதுல ரெண்டு பேருக்குக் கண்ணு தெரியல. வித்துட்டோம்.”

“யாருக்குங்கய்யா வித்தீக?”

“அவரு தம்பி மகனுக்குத்தான். வேற யாரு வாங்குவா?”

“அப்பச் சரி. பழையபடி தொழுவத்தோட நின்னுக்கிட வேண்டியதுதான்” என்றாள் அம்மா. அவர் தன் குடையின் வளைந்த கம்பியை நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

கடைசி நாள் சாமான்கள் எல்லாம் வண்டியேறிப் போயின. செயலாளர் முன்படியில் நின்று தம்பி மகனிடம் சாவியைக் கொடுத்தார். நான் தெருவில் நின்றேன். காலிக் கூடத்தை அம்மா இன்னொரு தரம் பெருக்கினாள். பிறகு சொருகியிருந்த சேலையை இறக்கிவிட்டாள். விளக்குமாற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்வாசலை நோக்கி வந்தாள்.

“ஏ, தொழுவத்து வழி அங்கன இருக்கு” என்றார் தம்பி மகன்.

“தெரியும்யா. நான் கழகத்து வேலைக்காரி. கழகம் போற வழியிலயே போயிருதேன்.”

செயலாளர் ஒதுங்கி வழிவிட்டார். தம்பி மகனோடு வந்த ஆட்கள் சிரித்தார்கள். “பாருங்கடா, சீமைத்துரை மக எறங்குறா!” அம்மா முழங்காலைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கினாள். வீட்டுக்கு வந்ததும் கால் வலிக்கிறது என்று படுத்துவிட்டாள்.

மறுநாள் அவள் தீப்பெட்டிக் கம்பெனியில் பெட்டிக்குள் குச்சி அடைக்கப் போய்விட்டாள். பள்ளிக்கூடம் போகும் வழியில் நான் பார்த்தேன். தம்பி மகன் வீட்டுப் பெண்கள் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றி, கூடத்திலிருந்து முன்படி வரை தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கோமிய வாடை தெரு வரைக்கும் வந்தது. சாணியும் சகதியுமாகக் கிடந்த தொழுவத்தில் மட்டும் யாரும் ஒரு செம்புத் தண்ணீர்கூட ஊற்றவில்லை. அவர்களுக்குச் சுத்தம் செய்யவே தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். “நீ கூட்டுனது பத்தலையாம்மா. திரும்பக் கழுவுறாக.”

அவள் தீக்குச்சி மருந்து ஒட்டிய விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, “எம்புட்டுக் கொடம் ஊத்துனாக?” என்றாள்.

“எண்ணலையே.”

“பெரிய படிப்பு படிக்கிறவ. எண்ணிட்டு வரப்படாதா?” என்று சிரித்தாள். வெகுநேரம் சிரித்தாள்.

எனக்கு அவமானமாகப் போய்விட்டது. கணக்கில் வகுப்பிலேயே முதல் ஆள் நான். மறுநாள் எண்ணி வந்து சொல்லிவிட வேண்டும் என்று சீக்கிரமே கிளம்பினேன். படிகள் காய்ந்து வெளுத்திருந்தன. முன்கதவு சாத்தியிருந்தது. பலகை இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது.