பன்னிரண்டு மீற்றரில் வைத்த கதிரை

காலை எட்டு ஐம்பதுக்குப் பிழை தொடங்கியது. அப்போது யாரும் அதைக் காணவில்லை.

துறைமுகக் காற்றுக்கு எங்கள் வளவுத் தென்னை பயப்படுத்தும்படி ஆடிக்கொண்டிருந்தது. அடியை வண்டு தின்றுவிட்டது, ஏறி வெட்ட ஏலாது, முழுதாகத் தெருவோர ஒழுங்கைப் பக்கம் விழுத்த வேண்டும் என்றார் மரம் வெட்ட வந்தவர். நுனி எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தன் புரோகிராம் சொல்லும் என்றாள், பல்கலைக்கழக வளாகத்தில் முதலாம் வருஷம் படிக்கும் என் மகள்.

மரத்தடியிலிருந்து ஒழுங்கைப் பக்கமாகப் பன்னிரண்டு மீற்றர் அளந்து ஒரு கதிரையை வைத்தாள். அதன் காலடியில் தரையோடு போனைப் பிடித்து நுனியின் கோணத்தைப் பார்த்தாள். ஐம்பத்தொரு பாகை. அதன் தான்சனை (tan) தூரத்தால் பெருக்கினால் உயரம். கணினி 10.84 என்றது; நுனி கதிரை வரை வராது.

"கதிரையைத் தொடாதேங்கோம்மா. இதிலை இருந்துதான் வீடியோ எடுக்கப்போறன்."

"புரோகிராமைச் சோதிச்சுப் பாத்தனியோ?"

"ஓம், பூச்சியம் போட்டுப் பாத்தனான். பூச்சியம்தான் வந்தது."

மரம் வெட்டுபவர் கோடரியை ஊன்றிக்கொண்டு சிரித்தார். "கொம்பியூட்டர் சொன்னாத் தென்னை கேக்குமே, தங்கச்சி?"

"நீங்கள் நேரா விழுத்துங்கோ அண்ணை. அது கேக்கும்."

நானும் சிரித்தேன். உயர்தரத்தில் கணிதம் படித்தவள் நான். நாற்பத்தைந்து பாகைக்கு மேல் அண்ணாந்து பார்க்க வேண்டுமென்றால், மரம் நாம் நிற்கும் தூரத்தைவிட உயரம். அது எனக்குத் தெரியும். ஐம்பத்தொன்று என்று அவள் சொன்னதும் காதில் விழுந்தது. ஆனாலும் திரையில் தசமத்தோடு வந்த எண்ணை நம்பினேன். அவள் அதில் இருக்கட்டும் என்று கதிரையைத் துடைத்தும் விட்டேன்.

மரம் சரிந்தபோது அவள் கதிரையில் இல்லை. நுனி போனுக்குள் அடங்கவில்லை என்று எழும்பி, பின்னுக்கு, இன்னும் பின்னுக்கு நடந்து ஒழுங்கை வாசலுக்குப் போயிருந்தாள். தென்னையின் வட்டு ஓலைகளோடு கதிரைக்கு மேலே வந்து விழுந்தது. ஓலைகளை இழுத்தபோது ஒரு கால்தான் முழுதாகக் கிடைத்தது.

மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நான் குசினியில் களைந்த அரிசியையே திரும்பத் திரும்பக் களைந்துகொண்டு நின்றேன்.

மத்தியானம்தான் வெளியே வந்தாள். மடிக்கணினியை எனக்கு முன்னால் வைத்தாள்.

"சி மொழியிலை தான்சன் பாகையை எடுக்காதம்மா. ஆரையன் எண்ட மற்ற அளவிலைதான் எடுக்கும். நான் மாத்தாமல் ஐம்பத்தொண்டை அப்பிடியே குடுத்திட்டன். பூச்சியம் ரெண்டு அளவிலையும் பூச்சியம்தானே, அதாலை பிழை பிடிபடேல்லை."

திரையில் இப்போது 14.82 என்று இருந்தது.

"இந்தமுறை நீங்களும் ஒருக்காப் பாருங்கோம்மா" என்றாள்.