பள்ளத்தின் அகலம்

என் முழங்கையில் இன்னும் அந்த அடி இருக்கிறது.

புக்கிட் தெங்கா தொழிற்பேட்டையில் எங்கள் ஆய்வுக்கூடம். ஜன்னல் இல்லாத அறை, ஒரு வெற்றிட அடுப்பு. உள்ளே நானும், ஒப்பந்தத்தில் வேலை செய்த டெக்னீஷியன் பையனும்.

நாங்கள் காய்ச்சிய பாலிமரில் இரண்டு வகைச் சங்கிலிகள். ஒன்றுக்கொன்று ஆகாது. நுனியோடு நுனி பிணைத்திருப்பதால் பிரிந்து ஓடவும் முடியாது. சிலிக்கான் சில்லில் வெட்டிய, கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களுக்குள் அடைத்துச் சூடேற்றினால், நெரிபட்டு, முட்டி மோதி, கடைசியில் மாறிமாறி நேர்க்கோடுகளாக நிற்கும். ஆறுமாதமாக அந்தக் கோடுகளுக்காகத் தூக்கம் கெட்டு அலைந்தேன்.

அன்று மைக்ரோஸ்கோப்பில் எல்லாம் அறுந்து, கடித்துத் துப்பிய நரம்புபோல் கிடந்தன.

"சூடு ஆறுறதுக்குள்ள அடுப்பத் தொறந்துட்டியா? காத்து பட்டா கருகிப் போயிடும்னு தெரியாது?"

"தெரியும்லா. ஆறினப்புறம்தான் தொறந்தேன். ஒரு சாவுக்குக்கூட இப்பிடி அழ மாட்டீங்க போல, அண்ணே."

அவன் சிரித்தான். நான் முழங்கையை வீசினேன். அடுப்பின் கைப்பிடியில் அவன் வாய் மோதிய சத்தம் கேட்டது. வெள்ளை முகக்கவசம் சிவந்து, கனத்து, தொங்கியது. அவன் திருப்பி அடிக்கவில்லை. மேனேஜர் ஓடி வந்ததும், "கால் வழுக்கிடுச்சு" என்றான். ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டிய மாதம் அது.

அடுப்பைச் சீக்கிரம் திறந்தது அவன்தான் என்று அறிக்கை எழுதினேன். அது மேனேஜர் கைக்குப் போனால் அவன் வேலையும் போகும். இணைக்கப் படங்கள் வேண்டுமே என்று மறுநாள் சில்லு முழுவதையும் பார்த்தேன். ஓரத்தில், சற்றே ஒடுங்கிய பள்ளங்களில் கோடுகள் கத்தியால் கீறியதுபோல் நேராக நின்றன. காற்று கெடுத்திருந்தால் அவற்றையும் கெடுத்திருக்கும். மற்றப் பள்ளங்களில்தான், முழுக் கோடுகள் அடங்கும் கணக்கைவிட அரைக் கோடு அகலம் கூடுதல். அந்த இடைவெளியை நிரப்ப முடியாமல் சங்கிலிகள் ஒன்றையொன்று கிழித்துக்கொண்டிருந்தன.

அகலம் நான் கொடுத்தது.

அறிக்கையைக் கிழித்துவிட்டு மேனேஜரிடம் இரண்டையும் சொன்னேன்: அகலத்தையும், அடியையும்.

மாலையில் பாலம் தாண்டி, தீவிலுள்ள ஜெலுத்தோங்கில் அவன் பிளாட்டுக்குப் போனேன். கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்றான், உதட்டில் தையலோடு.

"போன் வந்துச்சு. திங்கக்கிழமை என்னை வரச் சொல்லிட்டாங்க. உங்கள வர வேணாம்னு சொல்லியிருக்காங்க."

"தெரியும், தம்பி."

"சிரிக்க முடியல. தையல் இழுக்குது."

கம்பிகளைப் பிடித்தபடி நின்றேன். அவன் பூட்டைத் திறக்கவில்லை.